பனியன் துணி தைக்க ஓவர்லாக் மெஷின் கட்டாயமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே உடை தைத்துக்கொள்வது பற்றி ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் நீங்கள் வெளியிட்ட கட்டுரையை வரி விடாமல் படித்தேன். தலையணை உறை, பாவாடை, சாதாரணச் சட்டை என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்த கட்டுரையாளர், பனியன் துணிக்கு வந்ததும் சட்டென்று கதவைச் சாத்திவிட்டார். இது நவீனத் துணி, துணி ஓரத்தைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷின் இல்லாமல் தைக்க முடியாது, புதிதாகக் கற்பவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது அவர் சொன்னதன் சாரம். அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் வாங்கி வைத்த துணியை மடித்து அலமாரியில் போட்டிருப்பார்களோ என்று எனக்கு மனசு ஆறவில்லை. என் பேத்தியே போட்டாள். "தாத்தா, இந்த மெஷின்ல இது வராதாமே" என்று பேப்பரை நீட்டினாள்.

நான் சட்டையும் பேண்ட்டும் தைத்துப் பிழைத்தவன். கடையை விட்ட பிறகு வீட்டில் ஒரு மிதி மெஷின் மட்டும் வைத்திருக்கிறேன். நேர்த்தையலைத் தவிர வேறு எதுவும் போடத் தெரியாத பழைய மெஷின். இடமும் வலமுமாக வளைந்து போகும் ஜிக்ஜாக் தையல் கூடக் கிடையாது. அதில்தான் வீட்டில் எல்லோருக்கும் பனியன் துணியில் தொளதொளவென்று மேல்சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறேன். துவைத்துத் துவைத்து நிறம் வெளுத்த பிறகும் தையல் விடாமல் நிற்கிறது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். கடிதம் நீளும். ஆனால் தைக்க உட்காருகிறவர்களுக்கு விவரம்தானே வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 'நவீனத் துணி' என்ற பேச்சு. பனியன் துணி என்பது நெய்யாமல் பின்னிய துணி, காலுறையும் அதே வகைதான். வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் காலுறை பின்னும் சட்டகத்தை உருவாக்கியது 1589-ல். அந்தச் சட்டகத்தில் காலுறை தட்டையான துண்டாகத்தான் இறங்கும். அதைச் சுருட்டி, பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை கையால் தைத்துச் சேர்ப்பார்கள். எலியாஸ் ஹோவ் என்ற அமெரிக்கர் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1846-ல். ஓவர்லாக் அதற்கும் பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. ஆக, தையல் மெஷின் என்ற ஒன்றே இல்லாமல் இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் மனிதர்கள் பின்னல் துணியை வெறும் ஊசி நூலால் தைத்திருக்கிறார்கள். அதுவும் காலுறையை! காலுறையை விடவா ஒரு தொளதொளச் சட்டை இழுபடப்போகிறது?

ஓவர்லாக் மெஷினை நான் குறை சொல்லவில்லை. அது மூன்று வேலையை ஒரே ஓட்டத்தில் செய்கிறது: ஓரத்தை வெட்டுகிறது, பிசிறு வராமல் சுற்றுகிறது, இழுத்தால் கூடவே நீளும்படி தைக்கிறது. ஆனால் பனியன் துணியின் வெட்டிய ஓரம் பிசிறு விடாது. அதனால் முதல் இரண்டும் அழகுக்கு. மீதி இருப்பது இழுபடும் தையல். உடம்பை ஒட்டிய உடைக்கு அது வேண்டும்தான். 1958-ல் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ், கடைகளில் லைக்ரா என்று சொல்கிற ஸ்பான்டெக்ஸ் இழையைக் கண்டுபிடித்தாரே, அந்த இழை சேர்ந்த லெக்கிங்ஸ், நீச்சல் உடை போன்றவற்றை நேர்த்தையலில் தைத்தால் உட்கார்ந்து எழும்போதே நூல் படபடவென்று அறுந்துவிடும். சரி, தொளதொளச் சட்டை எங்கே இழுபடுகிறது? மார்பைச் சுற்றி அரைச் சாண் துணி தொங்கும்போது பக்கத் தையலை இழுக்க அங்கே எதுவும் இல்லை. சட்டைக் கையின் தையலும் அப்படித்தான். இழுபடும் இடம் ஒன்றே ஒன்று, கழுத்து. அதுவும் தலை நுழையும் அந்த ஒரு நொடிக்கு. அந்தக் கழுத்துக்கு வழி செய்துவிட்டால் எந்த மெஷினிலும் இதைத் தைத்துவிடலாம். கட்டுரையில் வந்திருக்க வேண்டிய விஷயம் இதுதான் என்பது என் எண்ணம்.

துணியின் குணம் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். நெய்த துணியில் பாவும் ஊடையும் நெடுக்கும் குறுக்குமாக நேராக ஓடுகின்றன. பனியன் துணியில் நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, கீழ் வரிசைக் கண்ணிக்குள் மேல் வரிசைக் கண்ணி நுழைந்து நிற்கிறது. இழுத்தால் கண்ணியின் வளைவு நிமிர்கிறது, விட்டால் திரும்ப வளைகிறது. குறுக்குவாக்கில் அதிகம் இழுபடும், நெடுக்கில் குறைவு. கண்ணிகளுக்குள் காற்று தங்கி நிற்பதால்தான் உடம்புக்கு வெதுவெதுப்பாக இருக்கிறது. உள்பக்கம் பஞ்சு எழுப்பிய ஃபிளீஸ் துணியில் காற்று இன்னும் அதிகமாக நிற்கும்; குளிருக்குத் தைப்பவர்கள் அதை எடுக்கலாம்.

இந்தக் கண்ணி விஷயம் ஊசிக்குத்தான் மிக முக்கியம். சட்டை தைக்கும் கூரான ஊசி நேராகக் கண்ணி நூலின் மேலேயே இறங்கினால் அது அறுந்துவிடும். தைத்த அன்று ஒன்றும் தெரியாது. நாலு தடவை துவைத்த பிறகு தையல் ஓரமாகப் பொடிப் பொடி ஓட்டைகள் தெரியும், அங்கிருந்து கண்ணி கழன்று ஓடும். இதற்கென்றே முனை உருண்ட பால்பாயின்ட் ஊசி கிடைக்கிறது. அந்த முனை நூலைக் குத்தாமல் ஒதுக்கிவிட்டு இடைவெளியில் இறங்கும். மெல்லிய துணிக்கு 11ஆம் நம்பர், ஃபிளீஸ் மாதிரி தடித்ததற்கு 14ஆம் நம்பர். வாங்கும்போது உங்கள் மெஷினில் இருக்கும் ஊசியைக் கையோடு கொண்டுபோங்கள். வீட்டு மெஷின் ஊசிக்குத் தண்டின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். கடை மெஷின்களில் பலவற்றுக்குத் தண்டு முழுக்க உருண்டை. மாற்றி வாங்கினால் பொருந்தாது.

'தையல் விட்டு விட்டு விழுகிறது, மெஷின் சரியில்லை' என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் மெஷின் மேல் தப்பே இருக்காது. ஊசி கீழே போய்த் திரும்ப மேலே எழும்பும் அந்தக் கணத்தில், அதன் பின்புறம் நூல் சின்ன வளையமாக உப்பும். அடியில் இருக்கும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்தால்தான் தையல். இழுபடும் துணி ஊசியோடு ஒட்டிக்கொண்டு மேலே எழும்பினால் வளையம் உண்டாகாது. கொக்கி சும்மா சுற்றிவிட்டுப் போகும். புது பால்பாயின்ட் ஊசி போட்டதும் முக்கால்வாசி சரியாகிவிடும். லைக்ரா அதிகம் கலந்த துணியில் அப்படியும் தவறினால் ஸ்ட்ரெட்ச் ஊசி என்று கேட்டு வாங்க வேண்டும். அந்த வளையம் நன்றாக உப்புவதற்கு ஏற்ற மாதிரி அதைச் செய்திருக்கிறார்கள்.

நூல் பாலியஸ்டராக இருக்கட்டும், அடிநூல் சுற்றும் பாபினிலும் சேர்த்து. பருத்தி நூல் இழுவை தாங்காமல் முறியும், பாலியஸ்டர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். தையல் நீளத்தை ஒரு இஞ்சுக்குப் பன்னிரண்டு விழுகிற மாதிரி வையுங்கள். தையல் சிறிதானால் அதே ஒரு இஞ்சில் நூல் அதிகம் இறங்கும், அந்த அளவுக்கு இழுவை தாங்கும். அதற்காக இன்னும் பொடியாக்கினால் துணி நசுங்கி அலை அடிக்கும். மேல் நூலின் இறுக்கத்தை, அதாவது டென்ஷனை, லேசாகத் தளர்த்தலாம். ஜிக்ஜாக் உள்ள மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. அகலம் 1 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், பார்த்தால் நேர்த்தையல் என்றே தோன்றுகிற மாதிரி மெல்லிய ஜிக்ஜாக் வைத்துத் தைத்தால் போதும்.

துணி வாங்குவதில் என் யோசனை இது: முதல் தடவைக்கு இன்டர்லாக் என்ற பனியன் துணி வகையைக் கேளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், ஓரம் சுருளாது, வெட்டினால் வெட்டின இடத்தில் கிடக்கும். டி-ஷர்ட் தைக்கும் சிங்கிள் ஜெர்சிதான் ஓரம் சுருளும். மேல் கீழ் ஓரங்கள் நல்ல பக்கம் பார்த்தும், பக்கவாட்டு ஓரங்கள் உள்பக்கம் பார்த்தும் சுருண்டுகொள்ளும். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கஞ்சி தடவிக் காயவைத்துத் தேய்த்தால் அடங்கிவிடும், தைத்து முடித்ததும் அலசிக்கொள்ளலாம். வழுவழுவென்று வழியும் விஸ்கோஸ் லைக்ராவைக் கை பழகின பிறகு தொடுங்கள்.

வாங்கும் இடத்திலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். துணியைக் குறுக்குவாக்கில் மடித்து நாலு இஞ்ச் பிடித்து மெதுவாக இழுங்கள். அது ஐந்து இஞ்ச் வந்தால் கால்வாசி இழுபடுகிறது என்று அர்த்தம், இந்தச் சட்டைக்கு அவ்வளவு போதும். அதை விட முக்கியம், விட்டதும் பழைய நாலு இஞ்சுக்குத் திரும்புகிறதா என்பது. தொய்ந்து நிற்கிற துணியில் கழுத்தும் முழங்கையும் சீக்கிரம் பை விழுந்துவிடும். அதை வாங்க வேண்டாம்.

வெட்டுவதற்கு முன்பு துணியைத் துவைத்துக் காயப்போடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. பருத்திப் பனியன் துணி நன்றாகச் சுருங்கும், அதிலும் நீளவாக்கில் அதிகம். மெஷினில் இழுத்துப் பின்னி, இழுத்தபடியே உருட்டி வைத்த துணி, தண்ணீர் பட்டதும் தன் சொந்த அளவுக்குத் திரும்புகிறது. கொடியில் ஒற்றை ஓரத்தைப் பிடித்துத் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் நீண்டுபோகும். நாலாக மடித்துப் போடுங்கள், முடிந்தால் தட்டையாக விரித்துக் காயவையுங்கள். காய்ந்ததும் மேஜை மேல் பரப்பி ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட்டால் நல்லது. வெட்டும்போது துணியின் ஒரு பகுதி மேஜைக்கு வெளியே தொங்கக் கூடாது. தொங்குகிற கனம் மேலே இருப்பதை இழுக்கும், வெட்டி முடித்துக் கையில் எடுத்தால் அளவு குறைந்திருக்கும். ஊசி குத்துவதற்குப் பதில் பேட்டர்ன் பேப்பர் மேல் கனமான எதையாவது வைத்து வெட்டினால் துணி அசையாது.

அளவு. மார்புச் சுற்று 36 இஞ்ச் உள்ளவருக்கு நான் எப்படிப் போடுகிறேன் என்று சொல்கிறேன், மற்றவர்கள் தங்கள் அளவுக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். தொளதொளப்புக்கு 8 இஞ்ச் சேர்த்து 44. அதில் நாலில் ஒரு பங்கு 11, மடித்த துணியில் இதுதான் உடல் அகலம். உயரம் 26. தோள் முனையை உள்ளே கொண்டுவர வேண்டாம், உண்மையான தோளைத் தாண்டி இரண்டரை இஞ்ச் கீழே இறங்கட்டும். நடுவிலிருந்து அளந்தால் ஒன்பதரை வரும். தோள் சரிவு ஒன்றேகால். கைக்குழி 10 இஞ்ச் ஆழம், வளைவு லேசாக இருந்தால் போதும். தோள் கீழே இறங்கிவிட்டதால் கையின் மேல் பகுதியில் சட்டைக் கை போல உயரமான வளைவு தேவையில்லை, 2 இஞ்ச் உயரம் போதும். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. சட்டையில் கை ஏற்றுவதற்குத்தான் கற்றுக்கொள்பவர்கள் மிகவும் தடுமாறுவார்கள். சுருக்கு விழும், முன் பின் மாறும். இதில் உடலையும் கையையும் தட்டையாக விரித்து வைத்து ஒரே ஓட்டமாகத் தைத்து, அதன் பிறகு கை நுனியிலிருந்து சட்டைக் கீழ் ஓரம் வரை பக்கத் தையலை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். உடம்பு வளைவுக்கு மடித்துத் தைக்கும் டார்ட் இல்லை, ஜிப் இல்லை, பட்டனும் காஜாவும் இல்லை. தையல் கற்கும் ஒருவருக்கு இதை விட எளிதான மேல்சட்டை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தையலுக்கு அரை இஞ்சும் கீழ் மடிப்புக்கு 1 இஞ்சும் தனியாக விட வேண்டும். 60 இஞ்ச் அகலத் துணியில் ஒன்றரை மீட்டர் எடுத்தால் உடல், முழுக்கை, கழுத்துப் பட்டி எல்லாம் வந்துவிடும். எல்லாத் துண்டுகளிலும் அதிகம் இழுபடும் திசை உடம்பைச் சுற்றி வரட்டும்.

இனி கழுத்து. கழுத்து வளைவின் மொத்தச் சுற்று, தலைச் சுற்றை விட 2 இஞ்ச் கூடுதலாக இருக்க வேண்டும். பெரியவர்கள் தலைச் சுற்று பெரும்பாலும் 22 இஞ்ச் சுமாருக்கு இருக்கும், ஆகவே கழுத்து 24. இதற்கு அகலம் நடுவிலிருந்து நாலரை, முன்பக்க ஆழம் நாலரை, பின்பக்க ஆழம் ஒன்றேகால் வைத்தால் கிட்டத்தட்ட சரியாக வரும். டேப்பை நிறுத்திப் பிடித்து வளைவின் மேலேயே அளந்து பார்த்துவிடுங்கள். கழுத்துப் பட்டி இதில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு, அதாவது இருபதரை இஞ்ச். தையலுக்கு ஒரு இஞ்ச் சேர்த்து, 2 இஞ்ச் அகலத்தில், குறுக்குவாக்கில் வெட்ட வேண்டும். சின்னப் பட்டியைப் பெரிய கழுத்தில் இழுத்து வைத்துத் தைப்பதால்தான் கழுத்து உட்கார்ந்து நிற்கும், இல்லாவிட்டால் முன்னால் வாய் பிளந்து தொங்கும். இதில் நேர்த்தையல் மெஷினுக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. பட்டியை இழுத்து வைத்துத் தைக்கும்போதே நூல் 24 இஞ்ச் நீளத்துக்கு இறங்கிவிடுகிறது. கையை விட்டதும் பட்டி சுருங்குகிறது, நூலும் தளர்ந்து உள்ளே படுத்துக்கொள்கிறது. போடும்போது 22 இஞ்ச் தலை நுழைந்தால் அந்த நூல் விறைக்கக் கூடத் தேவையில்லை, அறுவதற்கு எங்கே வழி?

என் பேத்தி இந்தப் பட்டியைத் தைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பட்டியின் இரண்டு முனைகளையும் சேர்த்து வளையமாக்கினாள். நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தேய்த்தாள். வளையத்தில் நாலு இடத்திலும் கழுத்தில் நாலு இடத்திலும் சிவப்பு நூலால் அடையாளம் போட்டாள். கழுத்துக்கு அந்த நாலு இடம் முன் நடு, பின் நடு, பக்கத்துக்கு ஒன்று. முன்பக்க வளைவு பெரியது என்பதால் பக்க அடையாளம் தோள் தையலில் விழாமல் கொஞ்சம் முன்னால் தள்ளி விழும். அதைப் பார்த்ததும் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று தயங்கினாள். கழுத்தை இரண்டாக மடித்துக் காட்டி, சரிதான் என்று சொன்னேன். அப்புறம் அடையாளத்தோடு அடையாளம் சேர்த்து ஊசி குத்தினாள். பட்டி மேலே, சட்டை கீழே. இரண்டு ஊசிக்கு நடுவில் இருக்கும் பட்டியை மட்டும் கீழே இருக்கும் துணியின் நீளத்துக்கு வரும் வரை இழுத்துப் பிடித்து, நாலு மிதி மிதித்து நிறுத்தி, திரும்பப் பிடித்து, அப்படியே சுற்றி வந்தாள். ஊசியைக் கீழே இறக்கி வைத்துவிட்டுத்தான் கையை மாற்ற வேண்டும் என்பதை மட்டும் இரண்டு மூன்று தடவை நினைவுபடுத்த வேண்டியிருந்தது. சுற்றி முடித்ததும் கழுத்து சுருக்குச் சுருக்காக இருந்தது, அவள் முகம் வாடிவிட்டது. ஈரத் துணி போட்டு இஸ்திரியை அழுத்தி எடுத்தோம். ஆவி பட்டதும் சுருக்கம் எல்லாம் உள்ளே போய், கடையில் வாங்கின டி-ஷர்ட் போலப் படிந்துவிட்டது. இஸ்திரியை இழுக்கக் கூடாது, வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். தேய்த்து இழுத்தால் துணி நீளும்.

கழுத்துக்கு நேர் எதிர், தோள் தையல். இது இழுபடவே கூடாது. தொளதொளச் சட்டையின் மொத்தக் கனமும் கையின் கனமும் இந்த ஐந்து இஞ்சில்தான் தொங்குகிறது. அப்படியே விட்டால் சில மாதத்தில் தோள் நீண்டு கை முழங்கைப் பக்கம் இறங்கும். நெய்த பருத்தித் துணியின் கரையில் கால் இஞ்ச் அகலத்துக்கு நாடா மாதிரி வெட்டி, தோள் தையலோடு சேர்த்து வைத்துத் தைத்துவிடுங்கள். விலைக்கு விற்கும் சட்டைகளிலும் தோளின் உள்ளே ஒரு மெல்லிய நாடா ஓடும், வீட்டில் இருப்பதைத் திருப்பிப் பாருங்கள்.

கீழ் ஓரத்தில்தான் அலை அடிக்கும். காரணம் இது: அடியில் இருக்கும் பல் கீழ்த் துணியை முன்னால் நகர்த்துகிறது, மேலே பிரஷர் ஃபுட் மேல் துணியை அழுத்திப் பிடிக்கிறது. நெய்த துணி இந்த இழுபறியைத் தாங்கிக்கொள்ளும், பனியன் துணி நீண்டுவிடும். பழைய மெஷினில் ஃபுட் தண்டின் உச்சியில் ஒரு திருகு இருக்கும். அதை இரண்டு சுற்றுத் தளர்த்தினால் அழுத்தம் குறையும். இதைத் தொடலாம் என்றே பலருக்குத் தெரியாது. துணிக்கு அடியில் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்துத் தைத்து, பிறகு கிழித்து எடுப்பதும் நல்ல வழி. அச்சடித்த தாள் வேண்டாம், மை ஒட்டும். தைக்கத் தொடங்கும்போது துணி ஊசி ஓட்டைக்குள் மாட்டிக்கொள்கிறது என்பவர்களுக்கும் இதே தாள் உதவும். நூலின் இரண்டு முனையையும் பின்னால் பிடித்துக்கொண்டு, ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளித் தொடங்குங்கள். ஓரத்தை ஒரே மடிப்பாக மடித்தால் போதும், பிசிறு வராத துணிக்கு இரட்டை மடிப்பு வீண் கனம். இரட்டை ஊசி போட்டுத் தைத்தால் மேலே இரண்டு கோடும் அடியில் குறுக்காக ஓடும் நூலும் விழுந்து கொஞ்சம் இழுவையும் கிடைக்கும், ஆனால் அது ஜிக்ஜாக் மெஷினுக்கு மட்டும்தான். நேர்த்தையல் மெஷின் தகட்டில் ஓட்டை ஒற்றை ஊசி அளவுக்கே இருக்கும், இரட்டை ஊசி மோதி உடையும், கண்ணில் தெறிக்கும். தயவுசெய்து முயற்சி செய்ய வேண்டாம்.

இவ்வளவு சொல்வதற்கு என் மனைவியும் ஒரு காரணம். அவளுக்குத் தோள் மூட்டு இறுகி, கையைத் தூக்குவதே பெரும்பாடாக இருந்த காலம் உண்டு. வீட்டில் இருந்த எந்த உடையையும் வலி இல்லாமல் அவளால் போட முடியவில்லை. கைக்குழியை 12 இஞ்ச் ஆழத்துக்கு இறக்கி, கையை அகலமாக வைத்து, ஃபிளீஸ் துணியில் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன். வலிக்கும் கையை முதலில் உள்ளே விட்டு, பிறகு தலை, கடைசியில் நல்ல கை. கழற்றும்போது நல்ல கை முதலில், வலிக்கும் கை கடைசியில். யார் உதவியும் இல்லாமல் அவளாகப் போட்டுக்கொண்டாள். மூட்டு வலிக்காரர்கள், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர்கள், எப்போதும் குளிர்கிறது என்று சொல்லும் வயதானவர்கள், இவர்களுக்கெல்லாம் அளந்து தைத்த தொளதொளச் சட்டை எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை நான் நேரில் பார்த்தவன். பெரிய அளவு வாங்கிக் கொடுத்தால் தீராது. பெரிய அளவில் உடல் மட்டும் பெருக்காது, கழுத்தும் சேர்ந்து அகன்று தோளிலிருந்து வழியும், கை நீண்டு விரலை மூடும். எங்கே தொளதொளப்பு வேண்டும், எங்கே வேண்டாம் என்று பார்த்து வைப்பதற்குத்தான் வீட்டுத் தையல்.

தையல் வகுப்புகளில் சட்டையும் பாவாடையும் மட்டும் சொல்லிக்கொடுத்துப் பனியன் துணியை ஒதுக்குவதும் எனக்கு வருத்தம்தான். மனிதர்கள் வீட்டில் அதிக நேரம் உடுத்தியிருப்பது இந்தத் துணியைத்தான். அதைத் தைக்கத் தெரியாமலே ஒருவர் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கிவிடுகிறார். ஒரு ஊசியை மாற்றி, ஒரு திருகைத் தளர்த்தி, ஒரு நாள் பாடம் எடுத்தால் போதுமே.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தத் தையல் பக்கத்திலேயே இந்தச் சட்டையின் கட்டப் படத்தை அளவுகளோடு ஒரு வாரம் வெளியிடுங்கள். முன் பாகம், பின் பாகம், கை, பட்டி, நாலே துண்டுதான். குழந்தைகள் அளவு ஒன்று, பெரியவர்கள் அளவு இரண்டு இருந்தால் பலருக்கும் உதவும். குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரியது, அதனால் கழுத்து அளவைத் தலையை அளந்துதான் போட வேண்டும் என்று அதில் தனியாக ஒரு வரி சேர்க்க வேண்டும். படம் வரைய ஆள் வேண்டுமென்றால் நானே கட்டத் தாளில் வரைந்து அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தையல்காரர் ஒருவர்